ஓதம் ஏறிய சுவரிலிருந்து லடாக் வரை: குளிர்ப் பாலையின் பாறைகளை ஆராய விரும்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு எப்போதும் ஓதம் ஏறியிருக்கும். அதற்கு மேலே திட்டுத் திட்டாக உப்பு பூத்திருக்கும். அப்பா வருடத்துக்கு ஒரு தடவை கொத்தனாரைக் கூப்பிட்டு, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசச் சொல்வார். அடுத்த கோடைக்குள் அதுவும் பொரிந்து உதிரும். அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் உப்பு பாறையைத் தின்பதும் இதே வழியில்தான் என்பது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தது. பள்ளியிலேயே யாராவது சொல்லியிருந்தால் சில வருடங்கள் மிச்சமாகியிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பிளஸ் டூவோ கல்லூரியோ படித்துக்கொண்டு, மலையும் பாலைவனமும் ஏன் இப்படி இருக்கின்றன என்று யோசிக்கிறவர்களுக்காக. நிலம் எப்படி வடிவம் பெறுகிறது என்று ஆராயும் துறைக்குப் பள்ளிப் புத்தகத்தில் புவிப்புறவியல் என்று பெயர். கல்லூரியில் எல்லோரும் ஜியோமார்ஃபாலஜி என்பார்கள். அதில் குளிர்ந்த, வறண்ட இடங்களில் பாறை எப்படிச் சிதைகிறது என்று பார்ப்பது ஒரு கிளை. நம் நாட்டில் அதற்கு முதல் களம் லடாக். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்துக்கு அங்கே கிடைக்கும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னைக்கு ஏறக்குறைய 1,400.

முதல் படி: உங்கள் தெருச் சுவரைப் படியுங்கள்

இதற்குக் காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். கடலோரத்தில் ஒரு பழைய செங்கல் சுவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே தூரத்திலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, வாரம் ஒரு படம் எடுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, காலையிலும் மதியத்திலும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

எதற்கு இந்த எண்கள்? சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கடற்கரையில் ஈரப்பதம் இந்தக் கோட்டை ஏறி இறங்கியபடி இருக்கும். ஒவ்வொரு தடவையும் சுவருக்குள் இருக்கும் உப்பு கரைந்து, நகர்ந்து, வேறொரு துளையில் போய்ப் படிகமாகி நெட்டித் தள்ளுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவரின் மேலே வெள்ளையாகப் பூக்கும் உப்பு பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, பெரிய சேதம் செய்யாது. மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாகும் உப்புதான் பூச்சைப் பெயர்க்கிறது. ஈரம் வேகமாக மேலே வந்தால் உப்பு வெளியே பூக்கும். தடைபட்டால் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்புக் காரை போட்ட பழைய சுவர் மூச்சு விடும். அதன் மேல் சிமெண்ட் பூசும்போது அந்த வழி அடைபடுகிறது. எங்கள் வீட்டுச் சுவர் வருடா வருடம் உதிர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

குளிர்ப் பாலைகளில் இதைவிட முரட்டு உப்புகளும் உண்டு. சோடியம் சல்ஃபேட் உலர்ந்த நிலையிலிருந்து நீர் சேர்ந்த படிகமாக மாறும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கும் மேலே போகும். பாறை முகத்தில் தேனடை போலவும் குகை போலவும் குழிகள் விழுவதில் இந்த மாதிரி உப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குழிகளுக்கு டஃபோனி என்று பெயர்.

ஆறு மாதம் விடாமல் இந்த நோட்டை எழுதியவர், கல்லூரிக்குள் நுழையும்போதே பாதி ஆராய்ச்சியாளர். இதை உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரே பொருளை ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப, சலிக்காமல் அளக்கும் பழக்கம் பிஎச்.டி.க்கு வருகிற பலரிடம் இருப்பதில்லை.

இரண்டாம் படி: எந்தப் பட்டம்?

இரண்டு வாசல்கள் உண்டு: ஜியாலஜி (நிலவியல்), ஜியாக்ரஃபி (புவியியல்). பிளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்திருந்தால் ஜியாலஜிதான் என் முதல் பரிந்துரை. கனிமம், பாறை, நுண்ணோக்கி எல்லாம் அடித்தளத்திலேயே வந்துவிடும். கலைப் பிரிவில் படித்தவர்களுக்கு ஜியாக்ரஃபி வாசல் திறந்திருக்கிறது. அதில் வரைபடமும் செயற்கைக்கோள் படமும் வலுவாகக் கற்றுக்கொள்ளலாம். பாறையைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் இரண்டு பாடங்களும் உள்ளன. ராணி மேரிக் கல்லூரியிலும், நம் பக்கத்திலேயே இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியிலும் ஜியாக்ரஃபி உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான். பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் விழிப்பாக இருங்கள். முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் கிண்டி வளாகங்களுக்கு விம்கோ நகரிலிருந்து மாறாமல் ஒரே மெட்ரோ ரயிலில் போய்விடலாம். நான் படித்தபோது இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது.

எதைப் படித்தாலும் கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். பாறைக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது, விரிசல் நுனியில் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்பதெல்லாம் இயற்பியல்தான். இந்தத் துறையில் பலர் தேங்கி நிற்பது இங்கேதான்.

மூன்றாம் படி: பாறை ஏன் உடைகிறது என்ற பழைய சண்டையைப் படியுங்கள்

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? பாலையில் பகலில் பாறை சூடாகி விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது, அதனால் உடைகிறது. குளிர்ப் பகுதியில் விரிசலுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் பெருத்து, பாறையைப் பிளக்கிறது. இரண்டுமே எளிதாகப் புரிகிற விளக்கங்கள். இரண்டுக்குப் பின்னாலும் நீண்ட வாதம் இருக்கிறது.

1936இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் மெருகேற்றிய கிரானைட் துண்டை எடுத்து, 15 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று சூடாக்கிக் குளிர்வித்தார். மொத்தம் 89,400 சுற்றுகள். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 244 வருடத்து வெயிலும் இரவும். உலர்ந்த கல்லில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் தெளித்துக் குளிர்வித்தபோது, மிகக் குறைந்த சுற்றுகளிலேயே கல் மெருகு இழந்து விரிசல் விட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், வெயில் மட்டும் பாறையை உடைக்காது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து.

அப்புறம் 2005இல் மெக்ஃபேடன், எப்பெஸ் ஆகியோரும் சகாக்களும் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைகளில் தரையில் கிடக்கும் கற்களின் விரிசல் திசைகளை அளந்தார்கள். அவை வடக்கு தெற்காக அமையும் போக்கு தெரிந்தது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது கல்லின் ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருப்பதால் வரும் அழுத்தமே காரணம் என்று விளக்கினார்கள். வெயில் மறுபடி வாதத்துக்குள் வந்தது. கிரிக்ஸின் கல் சின்னது, எந்தப் பாரமும் தாங்காதது, விரிசல் இல்லாதது என்பதும் உறைத்தது.

உறைபனி விஷயமும் அப்படியே. 9 சதவீதப் பெருக்கம் பாறையைப் பிளக்க வேண்டுமானால், துளைகள் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரால் நிரம்பி, தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் இருக்க வேண்டும். வறண்ட லடாக்கில் அது எத்தனை நாள் நடக்கும்? 1985இல் வால்டரும் ஹாலெட்டும் வேறொரு வழியைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: விரிசலில் உருவாகும் பனிக்கட்டி, சுற்றியுள்ள உறையாத நீரைத் தன்னிடம் இழுத்து வளர்கிறது. அந்த வளர்ச்சிதான் விரிசலை நீட்டுகிறது. இது வேகமாக நடப்பது பூஜ்யம் டிகிரியில் இல்லை. அவர்கள் கணக்குப்படி மைனஸ் 4க்கும் மைனஸ் 15க்கும் இடையில்.

கெவின் ஹால் அண்டார்க்டிகாவில் பாறைகளின் வெப்பநிலையை மணிக்கு ஒரு தடவை எடுக்காமல் நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்று தொடர்ந்து வாதாடியவர். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறினால் பாறைக்கு அதிர்ச்சி விரிசல் வரலாம் என்பது இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் எல்லை. மேகம் ஒன்று சூரியனை மறைத்து விலகும் நேரத்தில் அந்த எல்லை தாண்டப்படலாம். மணிக்கு ஒரு அளவு எடுத்தால் அது கண்ணில் படவே படாது.

இதை நான் படித்திருந்தேன். படித்தும் என் முதல் லடாக் பயணத்தில் பேட்டரி தீர்ந்துவிடுமே என்று பயந்து, சென்சார்களை மணிக்கு ஒன்று என்று அமைத்துவிட்டு வந்தேன். அடுத்த கோடையில் போய் எடுத்தபோது ஒரு முழு வருடத் தரவு கையில் இருந்தது. நான் கேட்க நினைத்த கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்த வருடம் போனது போனதுதான். எந்த வேகத்தில் அளக்கிறோம் என்பதே எதைப் பார்க்க முடியும் என்று தீர்மானித்துவிடுகிறது. சென்சாரை வாங்கும் முன்பே கேள்வியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: கருவிகள்

சென்சார் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது ஷ்மிட் சுத்தியல். பெயர் புதிதாகத் தோன்றினாலும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் சைட் இன்ஜினியர்கள் கான்கிரீட் பலம் பார்க்க வைத்திருக்கும் ரீபவுண்ட் ஹாமர்தான் இது. பாறையில் அழுத்தினால் உள்ளே இருக்கும் சுத்தி மோதித் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பது மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும். நெடுநாள் வெளியில் கிடந்து சிதைந்த பாறை குறைந்த எண் கொடுக்கும். கடலரிப்பைத் தடுக்க நம் கரையில் கொட்டியிருக்கும் பாறைகளிலும் தூண்டில் வளைவுகளிலும் இதைப் பழகலாம். அலை படும் பக்கம், படாத பக்கம் என்று தலா முப்பது தடவை அடித்துப் பாருங்கள். துறைமுகம் வடக்கே போகும் மணலைத் தடுத்ததால் நம் கரை அரிக்கப்பட்டு, அதற்காகக் கொண்டுவந்த பாறைகள் இவை. கல்லின் நிறத்தையும் பாருங்கள். கருநீலமாக, எண்ணெய் தடவியது போல இருந்தால் சார்னோக்கைட்டாக இருக்கலாம். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். அந்தக் கல் போனது நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து.

கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும்; இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 1972 வரை பின்னால் போகும். எண்ணூர் கழிமுகத்தின் மணல் திட்டு எப்படி நகர்ந்திருக்கிறது என்று வரைந்து பழகியவருக்கு, லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் இருக்கும் ஹுண்டர் மணல்மேடுகளை வரைவது கடினமாக இருக்காது. பைத்தான், ஆர் (R) என்ற கணினி மொழிகளில் ஏதாவது ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தேர்வுகளும் பணமும்

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு. ஜியாலஜிக்குத் தனித் தாள் உண்டு. ஜியாக்ரஃபிக்கு ஜாமில் தாள் இல்லை. முதுகலை முடிக்கும்போது ஜியாலஜிக்காரர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் புவி அறிவியல் தாளையும், ஜியாக்ரஃபிக்காரர்கள் யு.ஜி.சி. நெட்டையும் எழுத வேண்டும். கேட் தேர்விலும் ஜியாலஜி உண்டு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தனித் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன. வெளிநாட்டில் முதுகலையோ பிஎச்.டி.யோ படிக்க, பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் உண்டு. வட சென்னையில் இதற்குத் தகுதியான பிள்ளைகள் ஏராளம். கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆறாம் படி: யாரிடம், எங்கே பிஎச்.டி.?

இமயமலைப் பாறைக்கு டேராடூனில் உள்ள வாடியா நிறுவனம், 1968இலிருந்து. மணலும் வண்டலும் கடைசியாக எப்போது வெளிச்சத்தைக் கண்டன என்று ஒளியைக் கொண்டு வயது கணக்கிடும் வேலைக்கு அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம். பாறை முகம் எத்தனை ஆயிரம் வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அறிய, விண்கதிர்கள் குவார்ட்ஸுக்குள் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களை எண்ண வேண்டும். அதற்கான முடுக்கி வசதி டெல்லியில் இருக்கிறது. பனிப்பகுதிகளுக்குக் கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையம். 2016இல் அவர்கள் இமாச்சலத்தின் ஸ்பிதியில் 4,000 மீட்டருக்கு மேலே ஹிமான்ஷ் என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். வெப்பப் பாலை பிடிக்குமென்றால் ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் வறள்நில ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள்.

நிறுவனப் பெயரைவிட வழிகாட்டியின் பெயர் முக்கியம். அவருடைய கடைசி ஐந்து கட்டுரைகளைப் படியுங்கள். அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் பேசுங்கள்: களத்துக்குக் கூட வருவாரா, கட்டுரையில் மாணவர் பெயரை முதலில் போடுவாரா என்று கேளுங்கள். பிறகு கடிதம் எழுதுங்கள், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்களே எடுத்த ஒரு சின்ன அளவீடு, எந்த உதவித்தொகைக்குத் தகுதி என்ற விவரம். அவ்வளவு போதும். அந்த உப்புச் சுவர் நோட்டு இங்கேதான் கை கொடுக்கும். "சிறு வயதிலிருந்தே இயற்கை மீது ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நூறு வரும்.

ஒரு நேர்முகத் தேர்வில், "கடல் ஓரத்தில் வளர்ந்தவருக்குப் பனியில் என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார்கள். இடம் கிடைக்கவில்லை. உங்களையும் யாராவது கேட்பார்கள். உப்பைப் பற்றிப் பேசுங்கள். அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது.

ஏழாம் படி: களம்

லேயில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். காசிமேட்டிலிருந்து கிளம்பி மறுநாள் அங்கே விமானத்தில் இறங்கினால் உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. முதல் இரண்டு நாள் அறையிலேயே படுத்திருங்கள். தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம் வந்தால் மறைக்காதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்குவதுதான் மருந்து. மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வாங்கிக்கொள்ளுங்கள். நூப்ரா, பாங்காங் போன்ற எல்லைப் பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு தேவையா என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ட்ரோனையும் சாட்டிலைட் போனையும் அனுமதி இல்லாமல் எடுத்துப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேலைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

ஓட்டுநரும் கிராமத்து வீட்டுக்காரரும்தான் உங்கள் உண்மையான ஆசிரியர்கள். எந்தச் சரிவில் எந்த மாதம் கல் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். 2010 ஆகஸ்டில் லேயைத் தாக்கிய மேகவெடிப்பு வெள்ளத்தை நேரில் கண்டவர்களிடம் உட்கார்ந்து கேட்டால், பாலை நிலத்தில் ஒரே இரவு மழை என்னவெல்லாம் செய்யும் என்பது விளங்கும். கேட்டதை நோட்டில் எழுதுங்கள்; கட்டுரையில் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

எட்டாம் படி: அண்டார்க்டிகா

இந்தியாவின் முதல் பயணம் 1981இல் கிளம்பியது. இப்போது மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பகுதி பனி மூடாத வெறும் பாறை நிலம். நம் துறைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கோவா மையம் ஆய்வுத் திட்டங்களுக்கு அழைப்பு விடுக்கும். உங்கள் வழிகாட்டியோ நிறுவனமோ திட்டம் அனுப்ப வேண்டும். தேர்வானால் டெல்லியில் மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சி. வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையமும் இருக்கிறது.

ஒன்பதாம் படி: எத்தனை வருடம், அதன் பிறகு என்ன?

இளநிலை மூன்று, முதுகலை இரண்டு, பிஎச்.டி. ஐந்து, அதற்குப் பிந்தைய ஆய்வான போஸ்ட்டாக் இரண்டு. நிரந்தர வேலைக்கு முப்பது வயது ஆகிவிடும். உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. ஆராய்ச்சி மையங்களில் விஞ்ஞானி வேலைகள் உண்டு. நடுவில் மனம் மாறினால், ஜியாலஜி முதுகலையோடு யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். அது நல்ல வேலை, அதிலும் களம் உண்டு.

இந்தக் கணக்கை வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் முடிஞ்சிடும்மா" என்றுதான் சொன்னேன். அப்பா படகு வேலையை விட்ட பிறகு அந்த வார்த்தை அம்மாவுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஜே.ஆர்.எஃப். பணத்தில் மாதம் எவ்வளவு வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று ஒரு தாளில் எழுதி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

முதல் தடவை நான் லேவுக்குப் பெட்டி கட்டியபோது அம்மா கேட்டார்: "கல்லைப் பாக்குறதுக்கா அவ்ளோ தூரம் போற? இங்கதான் கடலோரமா மலை மாதிரி கொட்டி வெச்சிருக்காங்களேடா?" அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போது அந்தக் கொட்டி வைத்த கல் ஒன்றில் ஒரு சென்சாரை ஒட்டியிருக்கிறேன், நிமிடத்துக்கு ஒரு அளவு. ஊருக்கு வரும்போதெல்லாம் தரவை இறக்க அம்மாவும் கூட வருகிறார். போன தடவை அலை பட்ட பக்கத்தை விரலால் தேய்த்துவிட்டு, "நம்ம சுவரு மாதிரியே உதிருதுடா" என்றார்.